பூட்டு ஊரில் ஒரு ஜீப் பம்பர்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வருகிறது? வீட்டு ஆண்பிள்ளைகளைக் கேட்டால் சீரகச் சம்பா பிரியாணி என்பார்கள். உங்களைக் கேட்டால், பக்கத்தில் இருக்கும் சின்னாளபட்டியையும் சேர்த்துக்கொண்டு, சுங்குடிச் சேலை என்பீர்கள். ஆனால் வீட்டில் வயதான பாட்டி ஒருத்தி இருந்தால் அவளைக் கேட்டுப் பாருங்கள். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டு, "பூட்டு!" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். பாட்டி சொல்வதுதான் சரி.

இந்த வாரம் உங்களை அந்தப் பூட்டு ஊருக்கு அழைத்துப் போகிறேன். பூட்டு வாங்குவது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். பல வீடுகளில் நடக்கும் வழக்குத்தான். கல்லூரி முடித்த பிள்ளையோ, புது மாப்பிள்ளையோ, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கத் தோதாக ஒரு ஜீப் வாங்குகிறார். வாங்கிய மறுவாரமே, "முன்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பம்பர். இதைக் கழற்றிவிட்டு நல்ல கெட்டி இரும்பாகப் போட வேண்டும்" என்று ஆரம்பிக்கிறார். போடுவது என்று ஆனதும் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிறது. பட்டறையில் சொல்லி நம் வண்டி அளவுக்கே செய்து போடலாம் என்பது ஒரு கட்சி. தகடுகளை அளவாக வெட்டி வளைத்துப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அந்த செட்டை வாங்கிப் பூட்டிவிடலாம் என்பது மற்றொரு கட்சி. பணம் கொடுக்கப் போகும் அப்பாவும், பின் ஸீட்டில் உட்காரப் போகும் அம்மாவும்தான் நீதிபதிகள்.

இந்த வழக்கை விசாரிக்கத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இரும்பை வைத்து வீட்டையும் பொருளையும் காப்பது எப்படி என்று தலைமுறை தலைமுறையாக யோசித்த ஊர் அல்லவா இது?

சென்னையிலிருந்து மதுரைப் பக்கம் போகும் இரவு ரயிலில் ஏறினால், விடியற்காலையில் திண்டுக்கல்லில் இறங்கலாம். வெளிச்சம் வந்ததும் ஊருக்கு நடுவே தெரிகிறதே ஒரு பெரிய மொட்டைப் பாறை, அதுதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. ஒரு ராட்சசன் படுத்துத் தூங்கத் திண்டு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். திண்டு போன்ற கல், திண்டுக்கல்! உச்சியில் இருக்கும் கோட்டை, மதுரை நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1755-ல் ஹைதர் அலி இங்கே படைத் தலைவராக வந்து, தம் செல்வாக்கை வளர்த்துக்கொண்டார். 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். இன்று தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிகளில் வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள்.

மேலே போய் நின்று சுற்றிலும் பாருங்கள். கிழக்கே சிறுமலை, மேற்கே நீலப் படுதா விரித்தாற்போலப் பழனி மலைத் தொடர், அதன் மடியில் கொடைக்கானல். இரண்டுக்கும் நடுவே செம்மண் சமவெளி. தென்னை, முருங்கை, வெங்காயம், நிலக்கோட்டைப் பக்கத்துப் பூந்தோட்டங்கள், மில்களின் கூரைகள். அப்புறம் காலடியில் இருக்கும் கோட்டைச் சுவரைப் பாருங்கள். வெறும் சுவரை மட்டும் நம்பி இதைக் கட்டவில்லை. சுவர் உட்கார்ந்திருப்பது அசையாத பாறையின் மேல்! இதே கோட்டையைக் கீழே வெங்காய வயலில் கட்டியிருந்தால், எதிரிக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! இந்தச் சமாசாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் வழக்குக்கு இதுதான் முதல் சாட்சி.

கீழே இறங்கி நாகல்நகர்ப் பக்கமாக வாருங்கள். பூட்டுத் தொழில் வளர்ந்த இடம் இது. சுற்றுக் கிராமங்களிலும் உண்டு. மாங்காய் வடிவத்தில் இருப்பது மாங்காய்ப் பூட்டு. சாவி போட்டால் மணி அடிக்கும் பூட்டு ஒன்று. கோயில் கதவுக்கென்று, ஒரு கையால் தூக்க முடியாத பூட்டு ஒன்று. உள்ளே லீவர் என்கிற சின்னத் தகடுகளை அடுக்கியிருப்பார்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் அதனதன் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஒன்று மயிரிழை தவறினாலும் திறக்காது. அரத்தைக் கையில் பிடித்து, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று ராவி ராவிச் செய்கிற வேலை. 1957-ல் இந்தத் தொழிலாளர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அலிகாரிலிருந்து யந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபின் தொழில் இளைத்துப் போய்விட்டது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கௌரவம் வந்துவிட்டது; பட்டறைகளில் இளவட்டங்கள்தான் வரவில்லை.

பூட்டு ஆசாரிக்குத் தெரிந்த ஒரு பாடம் உண்டு. உலகத்திலேயே உறுதியான பூட்டைக் கொண்டுபோய், உளுத்துப் போன கதவில், ஆடுகிற நாதாங்கியில் மாட்டினால் என்ன பிரயோஜனம்? திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். நாதாங்கியைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். பூட்டின் பலம் பாதி, அது மாட்டியிருக்கும் இடத்தின் பலம் பாதி. கோட்டை சொன்னதையே பூட்டும் சொல்லிவிட்டது பாருங்கள்!

சரி, ஜீப்புக்கு வருவோம். திண்டுக்கல் சீமைக்கு ஜீப் ஒன்றும் புதிதல்ல. ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிறுமலை. மேலே போக 18 கொண்டை ஊசி வளைவுகள். தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால், தோட்டங்களுக்குப் போகிற பாதைகளில் இன்னும் குதிரைகள் வாழைத்தார் சுமக்கின்றன. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் இந்த வழியாகத்தான் இறங்கி வருகிறது. மேற்கே தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலைப் பக்கம் போனால் காப்பி, மிளகு, ஆரஞ்சுத் தோட்டங்கள். அந்தப் பாதைகளில் மூட்டைக்கும் மனிதருக்கும் ஜீப்தான் பல்லக்கு.

ஜீப்பின் பூர்வ கதையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்காக 1941 முதல் ஆயிரக்கணக்கில் செய்த வண்டி அது. சண்டை முடிந்ததும், 1947-ல், மகிந்திரா கம்பெனியார் அதைப் பிரித்த பாகங்களாகக் கப்பலில் தருவித்து, பம்பாயில் வைத்துப் பூட்டினார்கள். ஆக நம் நாட்டு ஜீப்பே பெட்டியில் வந்து பூட்டிய செட்டுத்தான்! அதன் முன்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளமாக ஒரே ஓர் இரும்புச் சட்டம். வண்டியின் முதுகெலும்பான சாஸி இருக்கிறதே, அதன் இரண்டு நுனிகளில் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஜோடனை ஏதும் இல்லை. இது வளைந்து போனாலோ, துருப்பிடித்துப் போனாலோ, ஊர்ப் பட்டறையில் அதே அளவில் வேறொன்று செய்துவிடுவார்கள். 'செய்து போடலாம்' என்கிற கட்சிக்குப் பூர்வீகப் பாத்தியதை இங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கட்சியின் வாதத்தை முதலில் கேட்போம். பட்டறையில் பம்பர் எப்படிச் செய்கிறார்கள்? ரவிக்கைக்கு அளவெடுப்பது மாதிரிதான். முதலில் கெட்டி அட்டையை வண்டியின் முகத்தில் வைத்து வெட்டி மாதிரி எடுக்கிறார்கள். அதைத் தகட்டில் வைத்துக் கோடு போட்டு அறுக்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்து அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்து, வண்டியில் மாட்டிப் பார்க்கிறார்கள். பானெட் திறக்கிறதா? ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் டயர் இடிக்கிறதா? விளக்கும் நம்பர் பலகையும் மறைகிறதா? ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிறதா? எல்லாம் சரி என்றபின்தான் முழுப் பற்றவைப்பு. அதையும் ஒரே மூச்சில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், சூட்டில் தகடு அப்பளம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். இங்கே ஓர் அங்குலம், எதிர்க்கோடியில் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வண்டியிலேயே வைத்துப் பற்றவைப்பதானால், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளுக்கு ஆபத்து. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் மிச்சம் கிடக்கிறதே என்று அதை எடுத்துப் பற்றவைப்பதும் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் ஜுரம் வந்துவிடும்.

இதில் உள்ள லாபம் தெரிந்ததே. நம் வண்டிக்கு நம் அளவு. கூலி நம் ஊரிலேயே தங்குகிறது. பிற்பாடு கோணினால் அதே கை நிமிர்த்திக் கொடுக்கும். நஷ்டம் என்ன? எல்லாம் அந்த ஒரு கையைப் பொறுத்தது. பற்றவைத்த இடம் மேலே மழமழவென்று அரைத்துப் பெயின்ட் அடித்தபின் தங்க நகை போலப் பளபளக்கும். உள்ளே இரும்போடு இரும்பு கலந்திருக்கிறதா, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

மற்றக் கட்சி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் இது ஒரு பெரிய வியாபாரம். யந்திரம் லேசர் ஒளியால் வெட்டுகிறது. ஒரு வண்டிக்குச் செய்தால் அதே வகை ஆயிரம் வண்டிக்கும் பொருந்தும். துளைகள் இம்மி பிசகாது. சில செட்டுகளில் துண்டுகளை வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் போல்ட்டை முடுக்கினால் போதும். நம் ஊரிலும் ஜீப் வகைகளுக்கு ரெடிமேடாகக் கிடைக்கிறது. இதன் லாபம், அளவெடுக்கும் வேலையும் தவறும் மிச்சம். நஷ்டம், பெட்டிக்கும் லாரிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். அதே பெயருள்ள வண்டியே வருஷத்துக்கு வருஷம் துளைகளை இடம் மாற்றிக்கொண்டு வந்தால், செட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் போய் நிற்க வேண்டும்! பற்றவைக்க வேண்டிய செட்டு என்றாலோ, 'கை' என்கிற பழைய கேள்வி அப்படியே இருக்கிறது.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி அகலம், ஐந்து அடி நீளம், 4 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரே ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தால் ஏறக்குறைய 14½ கிலோ. மேல் மடிப்பு, கீழ் மடிப்பு, தாங்கு சட்டங்கள், வளைந்த பைப்புகள் என்று சேர்க்கச் சேர்க்க, ஒரு மூட்டை சிமென்டை வண்டியின் மூக்கில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். முன் ஸ்பிரிங் தாழும்; பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேலை கூடும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இது விளையாட்டுச் சமாசாரம் அல்ல.

அந்தப் பாரத்தையும், மோதும்போது வரும் அடியையும் தாங்குவது எது? சாஸியில் மாட்டியிருக்கும் நாலைந்து போல்ட்டுகள். இங்கேதான் பூட்டு ஆசாரியின் நாதாங்கிப் பாடம் ஞாபகத்துக்கு வர வேண்டும். பம்பர் எவ்வளவு கெட்டி என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவர்கள், அது எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. சேற்றில் சிக்கிய வண்டியைக் கொக்கி போட்டு இழுக்கும்போது, தகட்டில் ஒட்டவைத்த கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தால், அது இரும்புத் துண்டாக இராது, பீரங்கிக் குண்டு! கொக்கி நேராகச் சாஸியில் மாட்டியிருக்க வேண்டும். போல்ட்டின் தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற முத்திரையாவது இருக்க வேண்டும்.

இதுவரை இரண்டு கட்சியும் சரிசமமாகத்தான் வந்திருக்கின்றன. இனிமேல்தான் வழக்கில் திருப்பம்.

நீதிபதி ஸ்தானத்தில் இருக்கும் அம்மாமார்களை ஒன்று கேட்கிறேன். கிராமத்திலிருந்து முட்டை அனுப்பினால் எப்படி அனுப்புவார்கள்? வைக்கோலில் பொதிந்துதானே? நூறு முட்டைகளை வெறும் இரும்புப் பெட்டியில் அடுக்கி அனுப்பினால் என்ன ஆகும்? பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, முட்டைதான் உடையும். வண்டியில் நாம்தான் முட்டை. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும்படி வண்டியின் மூக்கை வேண்டுமென்றே இளக்கமாகச் செய்ய வேண்டும் என்று பேலா பாரெனி என்ற என்ஜினீயர் 1951-ல் உரிமை கேட்டு மனுச் செய்தார். 1959-ல் மெர்ஸிடிஸ்-பென்ஸ் கார்களில் அந்த யோசனை வந்தது. இன்றைய வண்டிகளில் உங்கள் பிள்ளை கேலி செய்கிற பிளாஸ்டிக் பம்பரும் அதன் பின்னால் இருக்கும் பாகங்களும் அந்த வைக்கோல்தான். அதோடு, மோதலை அறிந்து காற்றுப் பையை விரியச் செய்யும் கருவிகள், கம்பெனி கொடுத்த மூக்கை வைத்துக் கணக்குப் போட்டவை. முன்னால் புதிதாக ஓர் இரும்புச் சுவர் எழுப்பினால் அந்தக் கணக்குத் தப்பலாம். பை விரிய வேண்டிய கணத்தில் விரியாமல் போகலாம்.

"மலைப்பாதையில் காட்டுமாடு வந்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொடைக்கானல் மலையில் காட்டுமாடுகள் சர்வ சாதாரணமாக ரோட்டுக்கு வருகின்றன. பெரிய காளை ஒன்று ஒரு டன் எடை வரை இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஆளில்லாத வனாந்தரத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்றுதான் இந்த இரும்பு வளையம் பழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரு டன் காளையின் மேல் மோதுவதற்கு வழி தேடுவதைவிட, மோதாமல் இருக்க வேகத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். அதற்குப் பற்றவைப்பு ஒன்றும் வேண்டாம்.

நம் திண்டுக்கல் ரோட்டில் அதிகமாகக் குறுக்கே வருவது காட்டுமாடும் இல்லை, கங்காருவும் இல்லை. பூக்கூடையோடு பஸ் பிடிக்க ஓடும் பெண், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள், பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு மொபெட்டில் போகும் விவசாயி. 2022-ல் நம் தேசத்து ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். 19 பேருக்கு மேல் கால்நடையாகப் போனவர்கள். மென்மையான மூக்கு இடித்தால் காலோடு பிழைக்கக் கூடிய குழந்தை, கெட்டி இரும்பு இடித்தால் பிழைக்குமா? நம் வண்டியில் கீறல் விழாமல் இருக்க, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பணயம் வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

சர்க்காரும் இதையேதான் நினைத்தது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளின் முன்னால் தடுப்பு வளையங்கள் மாட்டுவது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தார்கள். இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போது வரும் தகராறு தனி!

ஆகவே தீர்ப்பு. குடும்பம் ஏறிப் போகிற புது வண்டிக்கு, செய்து போடுவதும் வேண்டாம், வாங்கிப் போடுவதும் வேண்டாம். கம்பெனி கொடுத்த மூக்கே இருக்கட்டும். உடைந்தால் அதே கம்பெனி பாகத்தை மாற்றுங்கள். சேற்றில் இழுக்கக் கொக்கி வேண்டுமானால், வண்டியோடு கொடுத்த கொக்கி எங்கே இருக்கிறது என்று புஸ்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்துப் பழைய ஜீப் ஒன்று கொட்டகையில் இருந்து, அதன் சட்டம் துருப்பிடித்திருந்தால், அப்போது தாராளமாகப் பட்டறைக்குப் போகலாம். பழையதைக் கழற்றி எடுத்துப் போய், அதே நீளம், அதே கனம், அதே துளை என்று செய்யச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த வேலைக்குத் திண்டுக்கல் கைகளை நம்பலாம்.

இரும்புப் பம்பருக்கு என்று எடுத்து வைத்த பணம் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்கிறீர்களா? வண்டிக்கு நல்ல டயர் போட்டு, பிரேக்கைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். மிச்சத்தில் நாகல்நகரில் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குங்கள். வாங்குமுன் வீட்டுக் கதவின் நாதாங்கி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியும் மிஞ்சினால் சின்னாளபட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. வழக்கைத் தீர்த்து வைத்த நீதிபதிக்கு ஒரு சுங்குடிச் சேலைகூடவா கிடைக்காது?